ஓவன்ல காய்ஞ்ச பிளம்: சிலிக்கான் வேலிக்கு முன்னாடி அங்க இருந்த தோட்டம்

[எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. என் சமையலறைத் தோல்விதான், பயப்படாதீங்க.

போன மே மாசம் கொடைக்கானல் பிளம் சீசன். வண்டிக்காரர்கிட்ட ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துட்டேன். ஊர்ல இருந்து ஆளுங்க வந்தா திங்கிறதுக்குக் கொஞ்சம், மீதியை ஓவன்ல காயவெச்சு டப்பாவுல போட்டு வைக்கலாம்னு ஐடியா. டப்பாவுல வர்ற காய்ஞ்ச பிளம் இருக்கே, கறுப்பா, சுருங்கி, உள்ள ஜாம் மாதிரி இருக்கும், அதேதான். எங்க வீட்டு ஓடிஜில குமிழ் 100 டிகிரிலதான் ஆரம்பிக்குது. சரி, குறைஞ்ச சூடு இதுதானேன்னு 100ல வெச்சு, கதவை இறுக்க மூடிட்டு, மூணு மணி நேரம் மறந்துட்டேன்.

திறந்து பார்த்தா தட்டு முழுக்க ஊதா நிறச் சாறு கொதிச்சுக் கருகிக் கிடக்கு. பழத்தோட தோல் மட்டும் செருப்புத் தோல் மாதிரி கெட்டியாயிடுச்சு. உள்ள ஈரம் அப்படியே இருக்கு. அதையும் விடாம பாட்டில்ல போட்டேன். நாலாவது நாள் வெள்ளையா பூஞ்சை பூத்துடுச்சு.

அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "மொட்டை மாடியில வெயில் சும்மாதானேடி கெடக்கு, இதுக்குப் போயி எதுக்கு கரண்ட்டு?"

நியாயமான கேள்வி. வத்தல், வடாம், மோர் மிளகாய் எல்லாம் நாம வெயில்லதான் போடுறோம். ஸ்கூல் வாசல்ல வாங்கித் தின்ன இலந்தவடை வெயில்ல காய்ஞ்சதுதான். யாழ்ப்பாணத்துல பனம்பழச் சாறைப் பாயில ஊத்தி, அடுக்கடுக்கா காயவெச்சு பனாட்டுன்னு செய்வாங்க, அதுவும் வெயில்தான். அப்ப ஓவன்ல பழம் காயவைக்கிறது எங்க இருந்து வந்துச்சு? தேடிப் போனதுல, ஒரே ஒரு பிளம் ரகத்தோட பின்னாடி போய், நம்ம ஊர்ல பாதிப் பேர் வேலைக்கு அப்ளை பண்ற ஒரு இடத்துல போய் நின்னேன்.

முதல்ல பிரான்சுக்குப் போவோம்.

தென்மேற்கு பிரான்ஸ்ல கரோன்னு ஒரு ஆறு. அது மேல ஆஜான்னு ஒரு ஊர். அந்த ஊர் பேர்லதான் உலகத்தோட பிரபலமான காய்ஞ்ச பிளம் விக்குது. இத்தனைக்கும் பழம் அதிகமா விளைஞ்சது ஆஜான்ல இல்ல, அதைச் சுத்தியிருக்கிற லோட் ஆத்துப் பள்ளத்தாக்குல. ஆஜான் படகுத்துறை. மூட்டைகள் அங்க ஏறி, போர்டோ துறைமுகத்துக்குப் போய், அங்க இருந்து கப்பல்ல வெளிநாடு போகும். எந்த ஊர்ல இருந்து ஏறுச்சோ அந்த ஊர் பேரு பழத்துக்கு ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர்லயும் மண்டி இருக்கிற ஊருக்குத்தான் பேரு போகும், விளைவிக்கிற கிராமத்தை யாருக்கும் தெரியாது.

அந்த மரம் சிலுவைப் போர் காலத்துல சிரியாவுல இருந்து வந்துச்சு, கிளேராக் மடத்துத் துறவிகள் அதை உள்ளூர் மரத்தோட ஒட்டுக் கட்டினாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதையாவே வெச்சுக்கோங்க. அந்த ரகத்துக்குப் பேர் 'ப்ரூன் தாந்த்'. அதுல இருக்கிற 'ஆந்த்'ங்கிறது ஒட்டுக் கட்டுறதுக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லோட சம்பந்தப்பட்டது. அதாவது "ஒட்டு பிளம்", நாம ஒட்டு மாங்காய்னு சொல்ற மாதிரி.

இந்தப் பழம் பழுக்குறது ஆகஸ்ட் கடைசியிலயும் செப்டம்பர்லயும். அந்தப் பக்கத்துல அந்த நேரத்து வெயிலை நம்ப முடியாது. ரெண்டு நாள் காயும், மூணாவது நாள் மழை வரும். பாதி காய்ஞ்ச பழத்துல மழை விழுந்தா கதை முடிஞ்சது. அதனால அங்க இருந்த விவசாயிங்க கையில இருந்த ஒரே நிச்சயமான சூட்டைப் பிடிச்சாங்க. வீட்டு ரொட்டி அடுப்பு.

ரொட்டி சுடுற செங்கல் அடுப்பு எப்படின்னா, உள்ளயே விறகை எரிச்சு, செங்கல்லைச் சூடாக்கி, தணலை வெளிய இழுத்துட்டு, அந்தச் சூட்டுல ரொட்டியை வைப்பாங்க. ரொட்டி வெந்து வெளிய வந்ததுக்கு அப்புறமும் செங்கல் பல மணி நேரம் சூட்டை விடாது. அந்த மிச்சச் சூட்டுலதான் பிளம் போகும், பிரம்புல பின்னின தட்டுல ஒத்தை அடுக்கா பரப்பி. ஓரளவு காய்ஞ்சதும் வெளிய எடுத்து ஆற விடுவாங்க. பழத்தைத் திருப்பிப் போட்டு, மறுபடி உள்ள. மறுபடி வெளிய. இப்படி மூணு நாலு சுத்து. முதல் சுத்துல சூடு ரொம்பக் கம்மி, ஏறக்குறைய 50 டிகிரி. ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க.

இதைப் படிச்சப்பதான் என் ஓடிஜி ஏன் சொதப்புச்சுன்னு புரிஞ்சது. பழத்தோட மேல் பக்கத்து ஈரம் போற வேகத்துக்கு உள் ஈரம் வெளிய வந்து சேரணும். எடுத்த எடுப்புலயே 100 டிகிரி காட்டினா, மேல் தோல் கெட்டியாகி மூடிக்கும். அப்புறம் உள் ஈரத்துக்குப் போக வழியே இல்ல. சர்க்கரைச் சாறு கொதிச்சு, தோல் கிழிஞ்ச இடத்துல பீறிட்டு வெளிய வரும். நடுவுல எடுத்து ஆற விடுறது சோம்பேறித்தனம் இல்ல. அந்த நேரத்துலதான் உள் ஈரம் மேல வந்து பழம் முழுக்கச் சமமா பரவுது. தெர்மாமீட்டர் இல்லாத விவசாயக் குடும்பங்கள் கையாலயும் மூக்காலயும் இதைக் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க. மூணு கிலோவுக்குக் கொஞ்சம் மேல பழம் போட்டாத்தான் ஒரு கிலோ காய்ஞ்ச பிளம். அதுலயும் முழுசா ஈரம் போகாது. நூத்துக்கு இருபது பங்குக்கு மேல ஈரம் இருக்கும். ஆனா சர்க்கரை அவ்வளவு அடர்த்தியா இருக்கிறதால அந்த ஈரம் பூஞ்சைக்குச் சுலபத்துல கிடைக்காது.

இப்ப கப்பல் ஏறுவோம்.

1849. கலிபோர்னியாவுல தங்கம் கிடைக்குதுன்னு உலகமே ஓடுது. அந்தக் கூட்டத்துல லூயி பெலியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர். தங்கம் அவருக்குக் கை கொடுக்கல. சான் ஹோசேங்கிற சின்ன ஊர்ல நிலம் வாங்கி, நாற்றுப் பண்ணை போட்டார். அவரோட தம்பி பியர் பிரான்சுக்குத் திரும்பிப் போய், 1856ல ஆஜான் பிளம் மரத்தோட குச்சிகளைக் கொண்டு வந்தார். மாசக்கணக்கா கடல்ல பயணம், குச்சி காஞ்சு போயிடக் கூடாதுன்னு உருளைக்கிழங்குல செருகிக் கொண்டு வந்தாங்கன்னு சான் ஹோசேல இன்னைக்கும் சொல்லுவாங்க. அந்தக் குச்சியை உள்ளூர் காட்டு பிளம் மரத்துல ஒட்டுக் கட்டினாங்க. அதுல இருந்து கிளம்பினதுதான் கலிபோர்னியாவோட மொத்த பிளம் தொழிலும். பெலியே பேர்ல சான் ஹோசேல ஒரு குட்டிப் பூங்கா இருக்கு.

அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேர் சான்ட்டா கிளாரா. 1869ல அமெரிக்காவோட ரெண்டு கரையையும் இணைக்கிற ரயில் பாதை முடிஞ்சது. ஆனா குளிரூட்டின பெட்டிகள் வசதியா ஓடுறதுக்கு இன்னும் வருஷங்கள் இருந்துச்சு. பச்சைப் பழத்தை மறு கரைக்கு அனுப்பினா பாதி அழுகிடும். காய்ஞ்ச பழம்? மூட்டை கட்டி அனுப்பு, அடுத்த வருஷம்கூட விக்கலாம். எடையும் மூணுல ஒரு பங்கு. கோதுமை போட்டிருந்த நிலத்துலல்லாம் பிளம், ஆப்ரிகாட் மரம் வந்துச்சு. வசந்தத்துல பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பூ. "மனசுக்கு இனிய பள்ளத்தாக்கு"ன்னு விளம்பரம் பண்ணினாங்க. 1960கள் வரைக்கும் உலகத்துலயே பெரிய பழ உற்பத்தி, பேக்கிங் வட்டாரம்னு அதைச் சொன்னாங்க.

இங்கதான் அம்மாவோட கேள்வி திரும்ப வருது. கலிபோர்னியாவுல கோடைக்காலம் முழுக்க மழையே கிடையாது. வெயில் சும்மாதான் கெடக்கு! அதனால ஆஜான்ல அடுப்புல காஞ்ச அதே பழம் இங்க வெயில்ல காய ஆரம்பிச்சுது. எட்டடிக்கு மூணடி மரத் தட்டுகள், தோட்டத்துக்கு நடுவுல காலி இடத்துல ஆயிரக்கணக்குல பரப்பி வெச்சிருப்பாங்க. பிளம் தோல் மேல மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கும். அது போகணும்னு காரம் கலந்த வெந்நீர்ல ஒரு முக்கு. தோல்ல நுண்ணுசா விரிசல் விடும், ஈரம் வேகமா போகும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் வெயில்.

"வெயில் சும்மா"ங்கிறது சரிதான். ஆனா பழத்தைப் பொறுக்குறது சும்மா இல்ல.

இந்த பிளம்மை மரத்துல இருந்து பறிக்க மாட்டாங்க. சர்க்கரை முழுசா ஏறினதும் அதுவா கீழ விழும், இல்லன்னா மரத்தை உலுக்குவாங்க. தரையில கெடக்குறதை முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வாளியில பொறுக்கணும். ஒரே மரத்தடிக்கு மூணு நாலு தடவை வரணும். குடும்பம் குடும்பமா வந்து தோட்டத்துலயே கூடாரம் போட்டுத் தங்குவாங்க. ஆப்ரிகாட்னா கொட்டகையில பொம்பளைங்களும் பசங்களும் நின்னு, ஒவ்வொரு பழத்தையும் கத்தியால ரெண்டா வெட்டி, கொட்டையை எடுத்துட்டு, வெட்டின பக்கம் மேல பார்க்கிற மாதிரி அடுக்குவாங்க. பெட்டிக்கு இவ்வளவுன்னு கூலி. அப்புறம் கந்தகப் புகை போட்ட அறையில தட்டுகளை வைப்பாங்க. கடையில வாங்குற ஆப்ரிகாட் பளீர்னு ஆரஞ்சு நிறத்துல இருக்கே, அது கந்தகத்தோட வேலை. வீட்டுல கந்தகம் இல்லாம காயவெச்சா பழுப்பா மாறிடும். பார்க்க நல்லா இருக்காது, தின்ன நல்லாத்தான் இருக்கும்.

சரி, யாரு முட்டி போட்டாங்க? ஆரம்பத்துல சீனத் தொழிலாளர்கள். 1882ல சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள்ள வரக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. 1887 மே 4ஆம் தேதி சான் ஹோசேல இருந்த சீனர் குடியிருப்பை யாரோ திட்டமிட்டுக் கொளுத்தினாங்க. மொத்தமும் எரிஞ்சு போச்சு. அதுக்கு சான் ஹோசே நகர சபை மன்னிப்புக் கேட்டது 2021ல. 134 வருஷம் கழிச்சு.

அடுத்து ஜப்பானியர்கள். கூலியா வந்து, குத்தகைக்கு நிலம் எடுத்து முன்னேறினாங்க. 1913ல கலிபோர்னியா இன்னொரு சட்டம் போட்டது: குடியுரிமை வாங்கத் தகுதியில்லாத வெளிநாட்டவங்க நிலம் வாங்க முடியாது. ஆசியர்களுக்கு அந்தத் தகுதி கிடையாதுன்னு ஏற்கெனவே வெச்சிருந்தாங்க, அதனால சட்டத்துல "ஜப்பானியர்"ங்கிற வார்த்தையே தேவைப்படல. அதையும் தாண்டி, அங்கேயே பிறந்த பசங்க பேர்ல நிலம் வாங்கி உழைச்ச குடும்பங்கள் இருந்துச்சு. 1942ல போர் நேரம், அந்தக் குடும்பங்களை மொத்தமா பெட்டி படுக்கையோட கிளப்பி, வயோமிங்ல ஹார்ட் மவுன்டன் முகாம்ல அடைச்சாங்க. குளிர்காலத்துல பூஜ்ஜியத்துக்குக் கீழ போற இடம்.

அவங்க போனதுக்கு அப்புறமும் பழம் விழுந்துகிட்டுதான் இருந்துச்சு. மெக்சிகோவுல இருந்து வந்தவங்க பொறுக்கினாங்க. சான் ஹோசேவோட கிழக்குப் பக்கத்துல அவங்க குடியிருந்த ஒரு பகுதிக்கு 'சால் சி புவேதெஸ்'னு பேர், "முடிஞ்சா வெளிய போ"ன்னு அர்த்தம். அங்க ஆப்ரிகாட் தோட்டத்துல வேலை பார்த்துகிட்டிருந்த ஒரு இளைஞரைத்தான் 1952ல ஒரு அமைப்பாளர் வந்து பார்த்தார். அவர் சீசர் சாவேஸ். பின்னாடி அமெரிக்க விவசாயத் தொழிலாளர் சங்கத்தோட முகமா ஆனவர்.

வெயில் பக்கம் திரும்புவோம். 1918 செப்டம்பர். பிளம் தட்டு எல்லாம் வெளிய கெடக்கு. பசிபிக் கடல்ல உருவான ஒரு புயலோட மிச்சம், வழக்கமில்லாத வழியில வடக்கு கலிபோர்னியாவுக்குள்ள வந்து கொட்டித் தீர்த்துடுச்சு. ரெட் பிளஃப்ங்கிற ஊர்ல மட்டும் 7 அங்குலத்துக்கு மேல மழை. மழையே பெய்யாதுன்னு நம்பி வெச்சிருந்த பழம் தட்டுலயே புளிச்சு, பூஞ்சை பிடிச்சு நாசமாச்சு. அது மாதிரி அடிகளுக்குப் பிறகு, நீளமான சுரங்கம் மாதிரி கட்டி, உள்ள சூடான காத்தை விசிறியால தள்ளிக் காயவைக்கிற முறை வேகமா பரவுச்சு. தட்டை வண்டியில அடுக்கி ஒரு வாசல்ல தள்ளினா, ஏறக்குறைய ஒரு நாள்ல மறு வாசல்ல காய்ஞ்ச பழம் வரும். இன்னைக்குக் கலிபோர்னியா பிளம் கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான் காயுது. ஆஜான் ரொட்டி அடுப்பு, வெயிலுக்குப் போய்ட்டு, பெரிய உருவமா திரும்ப வந்துடுச்சு. எனவே அம்மா, வெயில் எப்பவும் சும்மா கெடக்காது. (இதை நேர்ல சொல்ற தைரியம் எனக்கு இல்ல.)

அப்புறம் என்ன ஆச்சு? உங்களுக்கே தெரியும். 1956ல டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஷாக்லி மவுன்டன் வியூல ஆய்வகம் திறந்தார். அங்க இருந்து எட்டு பேர் பிரிஞ்சு போய் 1957ல ஃபேர்சைல்ட் ஆரம்பிச்சாங்க. அதுல இருந்து ரெண்டு பேர் 1968ல இன்டெல். இன்டெல் சான்ட்டா கிளாராவுல தனக்குன்னு வாங்கின முதல் நிலம் ஒரு பேரிக்காய்த் தோட்டம். 1971 ஜனவரியில டான் ஹோஃப்லர்ங்கிற பத்திரிகையாளர் ஒரு வாரப் பத்திரிகையில "சிலிக்கான் வேலி"ன்னு எழுதினார். பேரு நின்னுடுச்சு.

ஆனா சிப் கம்பெனி வந்து மரத்தை வெட்டிடுச்சுன்னு நேர்க்கோடா சொன்னா அது தப்பு. வெட்டு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. 1950ல சான் ஹோசே மக்கள்தொகை சுமார் 95,000. 1970ல 4,40,000ஐத் தாண்டிடுச்சு. நகர நிர்வாகம் சுத்துப்பட்டு நிலத்தை எல்லாம் துண்டு துண்டா ஊருக்குள்ள இழுத்துகிட்டே போச்சு. பக்கத்துத் தோட்டம் வீட்டு மனையா வித்தா, உன் தோட்டத்துக்கும் மனை மதிப்புலதான் சொத்து வரி. பிளம் வித்து அந்த வரியைக் கட்ட முடியாது. விவசாய நிலத்துக்கு வரிச் சலுகை கொடுக்கிற சட்டம் 1965ல வந்தப்போ, இந்தப் பள்ளத்தாக்குல பெரும்பாலும் ரொம்ப லேட். நம்ம ஊர்ல பைபாஸ் ரோடு வந்த பக்கம் போய்ப் பார்த்தவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும். "அந்தக் காலத்துல சொர்க்கமா இருந்துச்சு, கம்ப்யூட்டர் வந்து கெடுத்துடுச்சு"ன்னு அங்கயும் நிறையப் பேர் பேசுவாங்க. தோட்டத்துக்குத் தண்ணி எங்க இருந்து வந்துச்சு? போர்வெல். உறிஞ்சின உறிஞ்சுல நிலமே கீழ இறங்கிடுச்சு. 1910கள்ல இருந்து 1960கள் முடியுறதுக்குள்ள சான் ஹோசே நகர மையம் சுமார் 13 அடி தாழ்ந்து போச்சு. ஒரு மாடி உயரம்! வெளியில இருந்து தண்ணி கொண்டு வந்த பிறகுதான் அது நின்னுது. அடுத்து வந்த சிப் தொழில் "புகை இல்லாத, சுத்தமான தொழில்"னு வந்துச்சு. 1980களோட ஆரம்பத்துல, தொட்டிகள்ல இருந்து கரைப்பான்கள் கசிஞ்சு நிலத்தடி நீர்ல கலந்தது தெரிய வந்துச்சு. அமெரிக்காவுல மத்திய அரசு கட்டாயமா சுத்தம் பண்ண வேண்டிய நச்சு இடங்களோட பட்டியல்ல, வேற எந்த மாவட்டத்தையும்விட சான்ட்டா கிளாரா மாவட்டத்துல அதிகம். இருபதுக்கு மேல. நிலத்தடித் தண்ணிக்கு ரெண்டு காலமுமே நல்ல காலம் இல்ல.

பிளம் மரங்கள் வடக்க, சாக்ரமென்டோ பள்ளத்தாக்குக்குப் போயிடுச்சு. 1917ல இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிங்க கூட்டுறவா ஆரம்பிச்ச சன்ஸ்வீட் இப்ப யூபா சிட்டி பக்கம். ஆப்ரிகாட்டுக்கு அந்த வழியும் பெருசா இல்ல. துருக்கியில மாலத்யா மாகாணத்துல இருந்து வர்ற மலிவான காய்ஞ்ச ஆப்ரிகாட்தான் இப்ப உலகம் முழுக்க. நம்ம பர்மா பஜார்லயும் அதைப் பார்க்கலாம்.

எங்க சித்தி பொண்ணு சன்னிவேல்ல இருக்கா. அவ ஊர்லயே நகராட்சி ஒரு பத்து ஏக்கர் ஆப்ரிகாட் தோட்டத்தை அப்படியே வெச்சுக் காப்பாத்துது. "அக்கா, நான் அது பக்கமா தினமும் கார்ல போறேன், ஏதோ பார்க்குன்னு நினைச்சேன்"னா. ஆப்பிள் கம்பெனியோட வட்டக் கட்டடத்துக்குள்ளயும் ஆப்ரிகாட், பிளம் மரம் எல்லாம் திரும்ப நட்டு வெச்சிருக்காங்க. அவ வாடகை வீட்டுக் கொல்லையில ஒரு கிழட்டு ஆப்ரிகாட் மரம் இருக்காம். ஜூன்ல கொட்டு கொட்டுன்னு கொட்டும், என்ன பண்றதுன்னே தெரியாம குப்பையில போட்டுகிட்டு இருந்திருக்கா. நான் இந்த எபிசோடுக்குப் படிச்சதை அவகிட்ட சொல்லி, போன வருஷம் ரெண்டு பேரும் வீடியோ கால்ல சேர்ந்து செஞ்சோம். அவ ஆப்ரிகாட், நான் பிளம்.

இந்தத் தடவை ஒழுங்கா. பழத்தை ரெண்டா வெட்டி, கொட்டையை எடுத்துட்டு, வெட்டின பக்கம் மேல. ஒண்ணு மேல ஒண்ணு படக் கூடாது. ஓடிஜி கதவுல ஒரு மரக் கரண்டியைச் செருகி இடைவெளி விட்டேன், ஆவி வெளிய போகணும்ல. உள்ள ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் வெச்சா, 65, 70 டிகிரி காட்டுச்சு. மூணு மணி நேரம் ஓட்டி, அணைச்சு, அப்படியே ஆற விட்டு, திருப்பிப் போட்டு, மறுபடி மூணு மணி நேரம். ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில மூணாவது சுத்து. ரெண்டா மடிச்சா ஒடையாம வளையணும், அழுத்தினா ஈரம் கசியக் கூடாது, அதுதான் கணக்கு. அப்புறம் கண்ணாடி பாட்டில்ல முக்கால்வாசி மட்டும் நிரப்பி, ஒரு வாரம் தினமும் குலுக்கணும். சில துண்டுல ஈரம் கூட இருக்கும், சிலதுல கம்மியா இருக்கும், அது சமமாகும். பாட்டில் உள் பக்கம் வியர்த்துச்சுன்னா மறுபடி ஓவனுக்கு. சென்னைக் காத்துல இருக்கிற ஈரத்துக்கு, கடைசியில ஃப்ரிட்ஜுலதான் வைக்கணும், அதுல வீம்பு வேண்டாம்.

ரெண்டு கிலோ பழம், கொட்டை போக, அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட வந்துச்சு. அம்மா ஒண்ணு எடுத்து வாயில போட்டுட்டு, "இலந்தவடையில பாதி கூட இல்ல"ன்னாங்க. ஆனா பாட்டில் மூணு நாள்ல காலி. நான் மொத்தமா தின்னது நாலு துண்டு.